டயாலிசிஸ் யூனிட் நல்லதா இல்லையா என்று எதை வைத்துப் பார்ப்பது?

தாமிரபரணிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரையால் கிட்னி இரண்டும் போய்விட்டது. ஏழு மாதமாக ஒரு தனியார் மருத்துவமனையில் முதலமைச்சர் காப்பீட்டில் வாரம் இரண்டு டயாலிசிஸ், இடது கையில் பிஸ்டுலா (ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்). யூனிட் பளிச்சென்றுதான் இருக்கிறது, ஏசி, டிவி எல்லாம் உண்டு, சிஸ்டர்களும் அன்பாகப் பேசுகிறார்கள். ஆனால் ஒரு மாதமாக முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அன்று முழுக்க எழுந்திருக்கவே முடியவில்லை என்கிறார். போன செவ்வாய்க்கிழமை மூன்றாவது மணி நேரத்தில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு கத்திவிட்டார், பி.பி. 80-க்கு இறங்கி, காலைத் தூக்கி வைத்து சலைன் விட்டார்கள். அன்றைக்கு 62 கிலோ 200 வந்தார், 58-க்கு இறக்க வேண்டும் என்றார்கள். நாலு மணி நேரம் என்று பெயர், அடுத்த ஷிப்ட் ஆள் வாசலில் நிற்பதால் மூன்றரையிலேயே கழற்றிவிடுகிறார்கள். கேட்டால் "டயாலிசிஸ்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்று பதில். உண்மையிலேயே அப்படித்தானா? 22 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு யூனிட் இருக்கிறது. மாற்றுவதென்றால் எதைப் பார்த்து மாற்றுவது?

டெக்னீஷியன்11வருஷம்:
தம்பி, அப்படித்தான் இருக்கும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கொடுத்த கணக்கையே பாருங்கள். 4 லிட்டர் 200-ஐ மூன்றரை மணி நேரத்தில் எடுத்தால் மணிக்கு 1,200 மில்லி, அதாவது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிக்கு மேல். 13-ஐத் தாண்டினாலே இதயத்துக்குச் சுமை என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். 58 கிலோ ஆளுக்கு நாலு மணி நேரத்தில் 3 லிட்டர்தான் நிதானமான அளவு. அப்பா தண்ணீரையும் உப்பையும் குறைத்தாக வேண்டும், அதை அவரிடமே சொல்லுங்கள். ஆனால் அரை மணி நேரத்தைத் திருடிக்கொண்டு அதே அளவு நீரை இழுப்பது யூனிட்டின் தப்பு.

அப்புறம், டிரை வெயிட், அதாவது கூடுதல் நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை, 58 என்று கடைசியாக எப்போது முடிவு செய்தார்கள்? டயாலிசிஸ் தொடங்கியதும் வாந்தி நின்று, சாப்பாடு இறங்கி, உடம்பில் சதை போடும். பழைய எடைக்கே இறக்கினால் இருக்க வேண்டிய நீரையும் சேர்த்து எடுத்துவிடுவோம், கால் இழுக்கும், பி.பி. விழும். மாதம் ஒருமுறையாவது நெப்ராலஜிஸ்ட் (கிட்னி டாக்டர்) வந்து காலை அமுக்கிப் பார்த்து, மூச்சைக் கேட்டு, எடையை மாற்றி எழுத வேண்டும். அப்படி யாரும் வராத யூனிட்டில் ஏசி இருந்து என்ன பயன்?

ரத்தத்தில் சேரும் கழிவான யூரியாவை டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் எடுத்த ரிப்போர்ட் கேளுங்கள். முன்பு 140, பின்பு 45 என்றால் 68 சதவீதம் இறங்கியிருக்கிறது. 65-க்குக் கீழே போகக்கூடாது. பின் ரத்தத்தை பம்ப் வேகத்தை 100-க்குக் குறைத்து, சில நொடி விட்டு எடுக்க வேண்டும், இல்லையென்றால் எண் தப்பாக வரும். ஒன்றை மறக்காதீர்கள், 65 என்பது வாரம் மூன்று முறை செய்கிறவர்களுக்கான கணக்கு. அப்பாவுக்குச் சிறுநீர் நன்றாகக் குறைந்துவிட்டதென்றால் வாரம் இரண்டு போதுமா என்பதே முதல் கேள்வி.

மல்லிகைப்பந்தல்:
நான் ஒன்பது வருடமாக டயாலிசிஸில் இருக்கிறேன், மூன்று யூனிட் மாறியிருக்கிறேன். நான் முதலில் பார்ப்பது கையைத்தான். பக்கத்துப் பெட்டில் ஊசி எடுத்த அதே கையுறையோடு என் மெஷின் பட்டனை அமுக்கினால் அங்கே இருக்க மாட்டேன். இரண்டாவது யூனிட்டில் என்னோடு படுத்திருந்த நான்கு பேருக்கு ஒரே வருடத்தில் ஹெபடைட்டிஸ் சி (ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் தொற்று) வந்தது, அதில் நானும் ஒருத்தி. மூன்று மாதம் மாத்திரை போட்டு சரியாகிவிட்டது, ஆனாலும் அந்த வருத்தம் போகவில்லை. அப்பாவுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி நான்கு தவணையும் போட்டார்களா, ஹெபடைட்டிஸ் பி தொற்று உள்ளவர்களுக்குத் தனி மெஷின் தனி அறை இருக்கிறதா, இரண்டையும் நேரடியாகக் கேளுங்கள்.

டயலைசரை, அதாவது ரத்தத்தைச் சுத்தம் செய்கிற வடிகட்டியை, கழுவி மறுபடி போடுகிற இடமா? அதில் அப்பா பெயரும், எத்தனையாவது தடவை என்பதும் எழுதியிருக்க வேண்டும், மாட்டுவதற்கு முன் உங்களிடம் காட்ட வேண்டும். எங்கள் யூனிட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தோம், சிஸ்டர் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வைப்பார். அந்த மாதிரி ஆள் இருந்தால் நிம்மதி.

பிஸ்டுலாவைக் காலையில் தினமும் அப்பாவே விரலை வைத்துப் பார்க்கட்டும், பூனை உறுமுகிற மாதிரி அதிர வேண்டும். நின்றுபோனால் அன்றைக்கே ஓட வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. அந்தக் கையில் பி.பி. பார்க்க விடாதீர்கள், ஒரே ஓட்டையில் ஊசி குத்திக்கொண்டே இருந்தால் தடுத்துக் கேளுங்கள்.

ஆர்ஓ_அறை:
தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நிமிடத்துக்கு 500 மில்லி, நாலு மணி நேரத்தில் 120 லிட்டர் திரவம் அப்பாவின் ரத்தத்துக்குப் பக்கத்தில், மெல்லிய சவ்வுக்கு அந்தப்புறம் ஓடுகிறது. குடிக்கிற தண்ணீருக்குக் குடல் காவல், இதற்கு அதுவும் கிடையாது. 1996-ல் பிரேசிலின் கருவாரு ஊரில், ஏரிப்பாசியின் நஞ்சு கலந்த தண்ணீரைச் சரியாகச் சுத்திகரிக்காமல் பயன்படுத்தியதால் ஒரே டயாலிசிஸ் மையத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குளோரின் சோதனையை ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்னால் செய்து நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். பல பேருக்கு ஒரே நேரத்தில் குளிர் நடுக்கம் வந்தால் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

தாமிரபரணிக்கரை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ஃபைலை வாங்கிப் பார்த்தேன். டிரை வெயிட் 58 என்பது முதல் நாள் எழுதியது, ஏழு மாதத்தில் ஒரு தடவைகூட மாற்றவில்லை. அப்பாவுக்கு சட்டை காலர் இறுகியிருப்பதை அம்மாதான் இன்று சொன்னார், கன்னத்திலும் சதை பிடித்திருக்கிறது. யூரியா முன்பு 148, பின்பு 66, கணக்குப் போட்டால் 55 சதவீதம்தான் வருகிறது. கையுறையைப் பார்த்தேன், ஒவ்வொருவருக்கும் மாற்றுகிறார்கள், அதில் குறை இல்லை. வெள்ளிக்கிழமை நெப்ராலஜிஸ்ட் வருகிறாராம், முழு நாலு மணி நேரமும் எடை மாற்றமும் கேட்டு, இந்த யூரியா ரிப்போர்ட்டையும் கொண்டு போகிறேன். அப்பா இன்று மோர் கேட்டார், அரை டம்ளர் உப்பில்லாமல் கொடுத்தோம், முகத்தைச் சுளித்தாலும் குடித்துவிட்டார்.