வேலையில் அடிபட்டதை ரிப்போர்ட் செய்தார்களா, மறைத்தார்களா? உங்கள் அனுபவம்

துவாஸ்காரன்:
சிங்கப்பூர் துவாஸில் பைப் ஃபேப்ரிகேஷன் யார்டு. செயின் பிளாக்கில் ஸ்பூலை (வெல்டு செய்த பைப் துண்டு) இறக்கும்போது என் ரூம் பையனுடைய நடுவிரல் ஃபிளேஞ்சுக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மன்னார்குடிப் பக்கம், சின்னப் பையன், ஏஜென்ட் கடன் இன்னும் பாதி பாக்கி. ஆம்புலன்ஸ் கூப்பிடவில்லை. சூப்பர்வைசர் கம்பெனி வேனில் ஏற்றினார், நானும் ஏறிக்கொண்டேன். வழியிலேயே சொல்லிக் கொடுத்தார்: "ரூம்ல, பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லு. சைட்டுனு சொன்னா பெர்மிட் கேன்சல்."

கிளினிக்கில் பையன் வெஸ்ட்டைக் கூடக் கழற்றவில்லை. சேஃப்டி பூட்ஸ், கை முழுக்க கிரைண்டிங் தூசி. காட்டன் கிளவுஸ் ரத்தத்தோடு விரலில் ஒட்டிப்போயிருந்தது. நர்ஸ் கத்தரிக்கோலால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்தார். அந்தக் கிளவுஸ் ட்ரேயில் கிடக்கும்போதே, பாத்ரூமில் விழுந்தான் என்று சூப்பர்வைசர் சொல்கிறார். டாக்டர் கிளவுஸைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். இரண்டு நாள் எம்.சி. (மெடிக்கல் லீவு) கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அப்புறம் போனபோதுதான் எலும்பு நொறுங்கியிருப்பது தெரிந்தது. கிளவுஸ் போட்டுக்கொண்டா ஒருவன் குளிக்கப் போவான்? அந்த அறையில் யாருமே அதைக் கேட்கவில்லை.

சைட் சேஃப்டி:
நான் சிங்கப்பூரில் சேஃப்டி கோஆர்டினேட்டர். ஒரு பங்களாதேஷ் தொழிலாளி ஏணியிலிருந்து விழுந்து விலாவில் அடி. டாக்டர் லைட் டியூட்டி எழுதிக் கொடுத்தார். நான் ஐரிப்போர்ட்டுக்கு (அமைச்சுக்கு ஆன்லைனில் விபத்தைத் தெரிவிப்பது) எல்லாம் தயார் செய்து மேனேஜரிடம் போனால், "ரெண்டு நாள் பொறுங்க, சரியாயிடும்" என்றார். எங்கள் கேட்டில் 'விபத்தில்லாத நாட்கள்' என்று ஒரு பலகை உண்டு. மறுநாள் காலை டூல்பாக்ஸ் மீட்டிங்குக்கு வந்தால் அதில் எண் ஒன்று கூடியிருக்கிறது! அடிபட்டவர் அந்தப் பலகைக்குப் பின்னால் சைட் ஆபீசில் விலாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். அன்று மதியமே ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டேன். மேனேஜர் அப்புறம் என்னோடு சரியாகப் பேசவில்லை, பரவாயில்லை.

2020 செப்டம்பர் 1க்கு முன்னால் மூன்று நாளுக்கு மேல் எம்.சி. அல்லது 24 மணி நேரம் ஆஸ்பத்திரி என்றால்தான் மனிதவள அமைச்சுக்கு (எம்.ஓ.எம்.) சொல்ல வேண்டும். அதனால்தான் இரண்டு நாள், மூன்று நாள் எம்.சி. நிறைய வந்தது. இப்போது ஒரு நாள் எம்.சி. என்றாலும், வெறும் லைட் டியூட்டி என்றாலும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் முதல் தடவைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். ரிப்போர்ட் போட்டதற்காக மட்டும் கம்பெனிக்கு டீமெரிட் புள்ளி (தண்டனைப் புள்ளி) விழாது, பாதுகாப்பு மீறல் இருந்தால்தான் விழும். இதை எத்தனை முதலாளிகளுக்குச் சொல்லியிருப்பேன்!

துவாஸ் தம்பி, டாக்டர் மேல் கோபப்படுவதில் பாதிதான் நியாயம். நோயாளி சொல்வதைத்தானே அவர் எழுத முடியும்.

அம்பத்தூர் பிரஸ்:
இங்கே அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் ஷாப். கான்ட்ராக்ட் பையனுக்குப் பவர் பிரஸ்ஸில் இரண்டு விரல் போய்விட்டது. புரொடக்‌ஷன் குறைகிறது என்று, கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சாரைக் கழற்றி வைத்திருந்தார்கள். அவன் துண்டில் கையைச் சுற்றிக்கொண்டு துடிக்கிறான், ஆபீஸ் ஆள் பக்கத்தில் நின்று ஆதார் நம்பர் கேட்கிறார். அவனுக்கு இ.எஸ்.ஐ. நம்பரே அன்றைக்குத்தான் போட்டார்கள்.

எல்லோருக்கும் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். எந்த ஆஸ்பத்திரியானாலும் கேஷுவாலிட்டியில் முதலில் கேட்பது எங்கே, எப்படி அடிபட்டது என்றுதான். கம்பெனி பெயர், மெஷின், நேரம் மூன்றையும் அடிபட்டவரே வாயால் சொல்ல வேண்டும். ஜி.எச். என்றால் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி கேட்டு வாங்குங்கள். அதில் 'வீட்டில் விழுந்தார்' என்று ஏறிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. இ.எஸ்.ஐ.க்கு முதலாளி ஃபார்ம் 12 (விபத்து அறிக்கை) அனுப்பினாரா என்று பாருங்கள், வாய்வார்த்தையை நம்பாதீர்கள். தற்காலிக ஊனத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரும், விரல் போனால் மெடிக்கல் போர்டு வைத்து சதவீதம் போடுவார்கள். தொழிற்சாலை ஆய்வாளருக்கும் தனியாக எழுதுங்கள். 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாத காயம் என்றாலே அறிவிக்க வேண்டும் என்று இருந்தது, நாங்கள் அதைக் காட்டித்தான் ரிஜிஸ்டர் தபாலில் எழுதினோம். ஆய்வாளர் வந்த அன்று சென்சார் திரும்ப மெஷினில் ஏறியிருந்தது. அதனால் மெஷினை அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள். கூட வேலை செய்தவர் இரண்டு பேர் பெயரைக் குறித்து வையுங்கள். கான்ட்ராக்டரைப் போய்ப் பார் என்பார்கள், போகாதீர்கள்.

துவாஸ்காரன்:
அம்பத்தூர் அண்ணே, நல்ல தகவல்தான். ஆனால் இங்கே ஏ.ஆர். காப்பி, ஃபார்ம் 12 எதுவும் கிடையாது, சட்டமே வேறு.

சேஃப்டி அண்ணே, நோயாளி சொன்னதை டாக்டர் எழுதினார் என்கிறீர்கள். நோயாளி வாயே திறக்கவில்லை. கேள்வி அவனிடம், பதில் சூப்பர்வைசரிடமிருந்து. "நீ வெளியே இரு" என்று சூப்பர்வைசரை அனுப்பிவிட்டு என்னையாவது கேட்டிருக்கலாம், தமிழில் கேட்டுச் சொல்லியிருப்பேன். கடைசியில் பையன் தானே அமைச்சில் நஷ்டஈட்டு கிளெய்ம் போட்டான். கம்பெனி ரிப்போர்ட் செய்யாவிட்டாலும் தொழிலாளி தானே போடலாம் என்று டார்மில் (தொழிலாளர் விடுதி) முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. சூப்பர்வைசரும் நம்ம ஊர்க்காரர்தான், அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

சைட் சேஃப்டி:
சரி தம்பி, அந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி. தனியாகக் கேட்டிருக்க வேண்டும்.

பட்டுக்கோட்டை மீனா:
என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலை. ஃபார்ம்வொர்க் பலகை சரிந்து முதுகில் விழுந்துவிட்டது. வீடியோ காலில் பார்த்தேன், மேல் கட்டிலுக்கு ஏற முடியாமல் தரையில் பாய் போட்டுப் படுத்திருக்கிறார். என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. கம்பெனி, "ஊருக்குப் போய் வைத்தியம் பாரு, அப்புறம் கூப்பிடறோம்" என்று டிக்கெட் எடுத்து போனுக்கு அனுப்பிவிட்டது. எம்.ஓ.எம்.மில் சொன்னார்களா என்று கேட்டால் பதிலே இல்லை. வரச் சொல்லலாமா?

சைட் சேஃப்டி:
அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம் தங்கச்சி. விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் அவரே கிளெய்ம் போடலாம். முதலில் போட்டுவிடட்டும். எம்.சி. நாட்களுக்குச் சம்பளமும் வைத்தியச் செலவும் கம்பெனி பொறுப்பு. கட்டாயப்படுத்தி ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போனால், இமிகிரேஷன் கவுன்ட்டரில் இருக்கும் அதிகாரியிடம் "வேலையில் அடிபட்டிருக்கிறேன், கிளெய்ம் இருக்கிறது" என்று சொல்லச் சொல்லுங்கள். லிட்டில் இந்தியாவில் டி.டபிள்யூ.சி.2 என்ற தொண்டு அமைப்பினர் அடிபட்ட தொழிலாளிகளுக்குச் சாப்பாடு போட்டு உதவி செய்கிறார்கள், அங்கே போய்க் கேட்கலாம். பெர்மிட், பே ஸ்லிப், எம்.சி. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பி வைக்கட்டும்.

பட்டுக்கோட்டை மீனா:
பே ஸ்லிப்பும் பெர்மிட்டும் அனுப்பிவிட்டார் அண்ணா. எக்ஸ்ரே மட்டும் கம்பெனி டாக்டரிடம் இருக்கிறதாம். நாளைக்குக் கூட ஒருவரை அழைத்துப் போய்க் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.