தவறிய தூரப் பதிவுகளில் 1 மீட்டருக்குள் ஒன்றுகூட இல்லை: கருவியின் குறையா, கணக்கின் இயல்பா?

கேள்வி: வானூர்தி மாணவன்

அனைவருக்கும் வணக்கம். வான் இலக்குகளை நோக்கிச் சுட்டுப் பார்க்கும் சோதனைகளில், குண்டோ ஏவுகணையோ இலக்கை எவ்வளவு நெருக்கமாகக் கடந்தது என்பதை அளக்கும் முறைகளை இந்தப் பருவத்தில் படித்துவருகிறேன். இலக்கில் பொருத்தப்படும் இக்கருவியை எம்.டி.ஐ., அதாவது மிஸ் டிஸ்டன்ஸ் இண்டிகேட்டர் என்று அழைக்கிறார்கள். அது தரும் எண்ணை இங்கே ‘தவறிய தூரம்’ என்று குறிப்பிடுகிறேன்.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. முதலாவது, டாப்ளர் வகைக் கருவி தொடர் அலையை அனுப்பி, திரும்பி வரும் அலையின் அதிர்வெண் மாற்றத்தை மட்டுமே பார்க்கிறது. அதிர்வெண் மாற்றம் வேகத்தைத்தானே சொல்லும்? தூரத்தை அது எப்படிச் சொல்கிறது?

இரண்டாவது, பயிற்சிக்காக எங்களுக்கு 40 பதிவுகள் கொண்ட ஓர் அட்டவணை தரப்பட்டது. விமானம் கயிற்றில் இழுத்துச் செல்லும் இழுவை இலக்கு ஒன்றில் பொருத்திய ஒலிவாங்கிக் கருவியின் பதிவுகளைப் போல அமைக்கப்பட்ட எண்கள் அவை. அவற்றின் சராசரி 3.8 மீட்டர், ஆனால் 1 மீட்டருக்குள் ஒரு பதிவுகூட இல்லை. மிக அருகில் கடப்பவை கருவிக்குத் தெரிவதில்லை என்பது நண்பனின் வாதம். அதை ஏற்கவும் மறுக்கவும் எனக்கு வழி தெரியவில்லை.

மறுமொழி 1: அலைநீளம்

முதல் ஐயத்துக்கு மட்டும் விடை எழுதுகிறேன். இரண்டாவதை எண்களோடு அன்றாடம் பழகுபவர்கள் என்னைவிட நன்றாக விளக்குவார்கள்.

தண்டவாளத்தை ஒட்டி நிற்பவருக்கு, ஊதிக்கொண்டே கடக்கும் ரயிலின் ஒலி சட்டென்று தாழ்ந்துவிடும். வயலின் நடுவில் தள்ளி நிற்பவருக்கு அதே ஒலி மெல்ல இழைந்து தாழும். தொடக்கச் சுருதியும் முடிவுச் சுருதியும் இருவருக்கும் ஒன்றுதான், இறங்க எடுத்துக்கொள்ளும் நேரம்தான் வேறு. தூரம் ஒளிந்திருப்பது அந்த நேரத்தில்தான்.

எண்களில் பார்ப்போம். அலைநீளம் 10 சென்டிமீட்டர், சார்பு வேகம் விநாடிக்கு 1,000 மீட்டர் என்று கொள்வோம். குண்டு தொலைவிலிருந்து நேராக வரும்போது டாப்ளர் மாற்றம் 20 கிலோஹெர்ட்ஸ் அளவில் நிலையாக இருக்கும், கடந்து சென்ற பின் அதே அளவு எதிர்த்திசையில் இருக்கும், மிக நெருங்கிய கணத்தில் சுழியாகும். ஏனெனில் கருவி உணர்வது வேகத்தின் பார்வைக்கோட்டுக் கூறை, அதாவது கருவியை நோக்கியோ விலகியோ செல்லும் பகுதியை மட்டுமே, அந்தக் கணத்தில் குண்டு பார்வைக்கோட்டுக்குச் செங்குத்தாகப் போகிறது. இப்போது மாற்றம் உச்ச அளவில் 71 சதவீதமாகக் குறையும் கணத்தையும், எதிர்ப்பக்கத்தில் மீண்டும் 71 சதவீதத்தைத் தொடும் கணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அவ்விரு கணங்களிலும் பார்வைக்கோடு பாதையோடு 45 பாகையில் இருக்கும். ஆகவே இடைப்பட்ட நேரத்தில் குண்டு கடந்த நீளம் தவறிய தூரத்தின் சரியாக இரு மடங்கு. அந்த நேரம் 10 மில்லி விநாடி என்றால், பாதை 10 மீட்டர், தவறிய தூரம் 5 மீட்டர். வேகத்தை நிலையான பகுதியே தந்துவிடுகிறது, நேரத்தை இறங்கும் பகுதி தருகிறது.

இம்முறையில் நான் பெரிதும் மதிப்பது, எதிரொலியின் வலிமை கணக்கில் நுழைவதே இல்லை என்பதைத்தான். குண்டு பெரியதா சிறியதா என்று தெரியாமலே தூரம் கிடைக்கும். ஆனால் மூன்று மீட்டர் நீள ஏவுகணை இரண்டு மீட்டர் அருகில் கடந்தால் அதை ஒரு புள்ளியாகக் கருத முடியாது. மூக்கும் துடுப்புகளும் தனித்தனியே எதிரொலித்து வளைவைக் குழப்பும். இலக்கு விமானத்தில் உந்துவிசிறி சுழன்றால் அதன் அலகுகளும் தமக்கென டாப்ளர் கோடுகளை வரைந்துவிடும், அவற்றை முதலில் வடிகட்டியாக வேண்டும்.

மறுமொழி 2: புள்ளியியல் ஆசிரியை

மாணவரே, உங்கள் நண்பர் கருவியைக் குற்றம் சொல்லும் முன் ஒரு தாளில் 1 மீட்டர் இடைவெளியில் வளையங்கள் வரைந்து பார்க்கட்டும். நடுவில் உள்ள 1 மீட்டர் வட்டத்தின் பரப்பை ஒன்று என்று கொண்டால், 3 முதல் 4 மீட்டர் வரையுள்ள வளையத்தின் பரப்பு ஏழு. ஒரு சதுர மீட்டருக்கு விழும் குண்டுகள் மையத்தில்தான் மிக அடர்த்தி என்றாலும், மையத்தைச் சுற்றி இடம் மிகக் குறைவு. அதனால் இலக்கையே குறிவைத்துச் சுட்டாலும் தவறிய தூரத்தின் வரைபடம் சுழியில் உச்சம் கொள்ளாது, சற்றுத் தள்ளியே உச்சம் கொள்ளும்.

பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் ஆகிய இரு திசைகளிலும் சம அளவான இயல்நிலைச் (மணி வடிவச்) சிதறல் என்று கொண்டால், மையத்திலிருந்து அளக்கும் தூரங்கள் ரேலே பரவல் என்ற வாய்ப்பு வடிவத்தைப் பின்பற்றும். அதன் சராசரி, ஒரு திசைக்கான சிதறலைப் போல் 1.25 மடங்கு. உங்கள் சராசரி 3.8 என்றால் சிதறல் ஏறத்தாழ 3 மீட்டர். அப்போது 1 மீட்டருக்குள் கடக்கும் வாய்ப்பு 5.4 சதவீதம்தான், 40 குண்டுகளில் இரண்டை எதிர்பார்க்கலாம், ஒன்றுமே இல்லாமற்போகும் வாய்ப்பு 11 சதவீதம். கருவி குருடு என்று முடிவுகட்ட இது போதாது.

ஆயினும் ஒன்றைச் சரிபார்க்க வேண்டுகிறேன். தூரத்தை மட்டும் சொல்லி திசையைச் சொல்லாத கருவிக்கு இரண்டு வேறுபட்ட கதைகள் ஒரே சராசரியைத் தரும்: குண்டுகள் இலக்கைச் சுற்றிச் சிதறியிருக்கலாம், அல்லது எல்லாமே ஒரே பக்கமாக நான்கு மீட்டர் அளவில் ஒதுங்கிச் சென்றிருக்கலாம். பின்னதைக் குறியைத் திருத்திச் சரிசெய்துவிடலாம், முன்னதற்குத் துப்பாக்கியையே சீர்செய்ய வேண்டியிருக்கும். முதற்கதை உண்மையானால் 40 எண்களின் திட்ட விலக்கம், அதாவது அவை தம் சராசரியிலிருந்து விலகும் அளவு, 2 மீட்டரை ஒட்டி வரவேண்டும், இரண்டாவது உண்மையானால் அதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறையும். உங்களுக்கு என்ன வருகிறது?

கேள்வியாளர்: வானூர்தி மாணவன்

இருவருக்கும் மிக்க நன்றி. 45 பாகை விளக்கத்தைப் படம் வரைந்து பார்த்ததும் முழுமையாக விளங்கியது. அம்மா, திட்ட விலக்கம் 1.5 மீட்டர் வருகிறது. பெரிய பதிவு 6.4 மீட்டர். அப்படியானால் குண்டுகள் ஒரு பக்கமாக ஒதுங்கின என்று கொள்ளலாமா?

மறுமொழி 3: ஒலியளவன்

அவசரப்பட வேண்டாம். இழுவை இலக்குகளின் ஒலிவாங்கிப் பதிவுகளோடு பல ஆண்டுகள் உழைத்தவன் என்ற முறையில் முதலில் கேட்கத் தோன்றுவது: எத்தனை குண்டுகள் சுடப்பட்டன? 40 பதிவுகள் என்பது 40 குண்டுகள் ஆகாது.

ஒலிவாங்கிக் கருவி வேலைசெய்யும் விதத்தைப் பார்த்தால் இக்கேள்வியின் அவசியம் விளங்கும். ஒலியை மிஞ்சிய வேகத்தில் செல்லும் குண்டு தன் பின்னே கூம்பு வடிவ அதிர்வலையை இழுத்துச் செல்கிறது. அது ஒலிவாங்கியைத் தொடும்போது அழுத்தம் சட்டென்று ஏறி, நேர்கோடாக இறங்கி, இயல்புக்குக் கீழே போய், மீண்டும் சட்டென்று ஏறும். திரையில் பார்த்தால் ஆங்கில ‘என்’ எழுத்தைப் போலவே இருக்கும். 40 மில்லிமீட்டர் குண்டு ஒலியைப் போல் இருமடங்கு வேகத்தில் 5 மீட்டர் தள்ளிக் கடந்தால், தரைமட்டக் காற்றில் அந்த அழுத்த ஏற்றம் ஏறத்தாழ 1.1 கிலோபாஸ்கல், முழு அலையும் முடிய 0.6 மில்லி விநாடி. தூரம் இரட்டித்தால் அழுத்தம் பாதியாகாமல் 59 சதவீதமாகக் குறைகிறது. அதாவது அழுத்தம் தூரத்தின் முக்கால் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. இதனால் அழுத்தத்தை அளப்பதில் 10 சதவீதம் பிழை நேர்ந்தால் தூரத்தில் 13 சதவீதம் பிழை வரும். குண்டின் விட்டம், நீளம், வேகம், அந்த உயரத்தின் காற்றழுத்தம் ஆகிய அனைத்தையும் முன்கூட்டியே சரியாகக் கொடுத்தாக வேண்டும் என்பதும் இம்முறையின் சுமை. ஒருமுறை வேறொரு விட்டத்துக்கான அளவீட்டு அட்டவணையை ஏற்றியபடியே ஒரு நாள் முழுதும் பதிவுசெய்துவிட்டு, மாலையில் எல்லா எண்களையும் மீண்டும் கணக்கிட நேர்ந்தது. மூல அலைவடிவத்தைச் சேமித்திருந்ததால்தான் அந்த நாள் வீணாகவில்லை.

கருவிக்கு ஒரு வாசல் அளவும் உண்டு. காற்றின் இரைச்சலைக் குண்டென்று எண்ணிவிடாதபடி, குறிப்பிட்ட அழுத்தத்துக்குக் கீழே வரும் எதையும் அது பதியாது. அந்த வாசல்தான் தூர எல்லை. எல்லைக்கு வெளியே கடந்தவை உங்கள் அட்டவணையில் இல்லவே இல்லை, ஆகவே சராசரியும் திட்ட விலக்கமும் இரண்டுமே உண்மையைவிடக் குறைவாகத்தான் தெரியும். எல்லைக்குள் கடந்தாலும் அடுத்தடுத்த அலைகள் மிக நெருங்கி வந்தால் கருவி அவற்றை ஒன்றாக எண்ணக்கூடும். நிமிடத்துக்கு 4,500 குண்டுகள் சுடும், கப்பல்களைக் காக்கும் ஃபாலங்க்ஸ் போன்ற துப்பாக்கியில் இரு குண்டுகளுக்கு இடைவெளி 13 மில்லி விநாடிதான். அத்துப்பாக்கி தன் ரேடாரால் இலக்கையும் புறப்பட்ட குண்டுகளையும் சேர்த்தே பின்தொடர்ந்து தன்னைத் திருத்திக்கொள்கிறது, அதாவது தவறிய அளவை இலக்கிலிருந்து அல்லாமல் சுடும் இடத்திலிருந்தே காண்கிறது.

கேள்வியாளர்: வானூர்தி மாணவன்

ஐயா, நீங்கள் கேட்ட பிறகுதான் அட்டவணையின் தலைப்பைக் கவனித்தேன். சுடப்பட்டவை 60, பதிவு எல்லை 6.5 மீட்டர் என்று அங்கேயே அச்சாகியிருக்கிறது. முன்பே சொல்லாததற்கு மன்னிக்க வேண்டும்.

மறுமொழி 4: புள்ளியியல் ஆசிரியை

மன்னிப்புக் கேட்க வேண்டியது நான்தான், எத்தனை சுடப்பட்டன என்று கேட்காமல் கணக்குப் போட்டுவிட்டேன். முந்தைய மறுமொழியில் சொன்ன 3 மீட்டர் சிதறலைக் கைவிடுங்கள்.

பதிவாகாத 20 குண்டுகளும் 6.5 மீட்டருக்கு வெளியே கடந்தன என்று கொள்வோம். ரேலே பரவலில் ஒரு தூரத்துக்கு அப்பால் செல்லும் வாய்ப்பு மூன்றில் ஒன்று என்றால், அத்தூரம் சிதறலைப் போல் 1.48 மடங்காக இருக்க வேண்டும். ஆகவே சிதறல் 6.5 வகுத்தல் 1.48, அதாவது 4.4 மீட்டர். பதிவான எண்களைத் தொடாமல், எண்ணிக்கையை மட்டும் வைத்தே இது கிடைத்துவிட்டது. இந்தச் சிதறலை 6.5 மீட்டரில் வெட்டினால் எஞ்சும் பதிவுகளின் சராசரி 3.9, திட்ட விலக்கம் 1.6 ஆக இருக்க வேண்டும். உங்களிடம் இருப்பவை 3.8, 1.5. இவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவதால் ஒரு பக்க ஒதுக்கம் என்ற கதை எனக்கு வலுவிழந்து தெரிகிறது, ஏனெனில் அக்கதையில் எல்லைக்கு வெளியே இருபது குண்டுகள் போயிருக்க இடமே இல்லை.

இதன் விளைவு சிறியதன்று. அண்மை உருகி, அதாவது இலக்கை நெருங்கியதும் குண்டைத் தானே வெடிக்கச் செய்யும் கருவி, பொருத்திய குண்டுக்கு நேரடி மோதல் தேவையில்லை, நெருக்கமாகக் கடந்தாலே போதும். 1942 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் கிளீவ்லாண்ட் கப்பல் செசபீக் விரிகுடாவில் வானொலி வழியே இயக்கிய ஆளில்லா விமானங்களை அத்தகைய குண்டுகளால் வீழ்த்திக் காட்டியதும் அந்த அடிப்படையில்தான். குண்டின் பயனுள்ள ஆரம் 3 மீட்டர் என்று எடுத்துக்காட்டுக்குக் கொண்டால், என் முதற்கணக்கு 39 சதவீதம் பயன்தரும் என்கிறது, திருந்திய கணக்கு 21 சதவீதம் என்கிறது. பதிவாகாதவற்றை மறந்ததால் ஆயுதத்தின் திறன் ஏறத்தாழ இருமடங்காகத் தெரிந்துவிட்டது.

உங்கள் நண்பரின் ஐயத்துக்கும் விடை மாறுகிறது. 60 குண்டுகளில் 1 மீட்டருக்குள் ஒன்றும் கடக்காமலிருக்கும் வாய்ப்பு இப்போது 21 சதவீதம்.

மறுமொழி 5: ஒலியளவன்

அம்மையாரின் கணக்கை ஏற்கிறேன், அதற்கு அடியிலுள்ள அனுமானத்தை மட்டும் சோதிக்க வேண்டும். அட்டவணையில் நேர நிரல் இருந்தால், எந்தெந்தக் குண்டுகள் பதிவாகவில்லை என்று பாருங்கள். சீராகப் பரவியிருந்தால் எல்லைக்கு வெளியே சிதறியவை என்று கொள்ளலாம். ஒரே இடத்தில் குவிந்திருந்தால் காரணம் வேறு.

கேள்வியாளர்: வானூர்தி மாணவன்

நேர நிரல் இருக்கிறது. 12 குண்டுகள் கொண்ட ஐந்து தொடர்களாகச் சுட்டிருக்கிறார்கள், ஒரு தொடருக்குள் 0.1 விநாடிக்கு ஒரு குண்டு. பதிவாகாதவை வரிசையாக 2, 3, 3, 3, 9. ஐந்தாம் தொடரில் மூன்று பதிவுகள் மட்டுமே உள்ளன.

மறுமொழி 6: புள்ளியியல் ஆசிரியை

அப்படியானால் ஐந்தாம் தொடரை மற்றவற்றோடு கலக்கக் கூடாது. முதல் நான்கில் 48 குண்டுகளில் 11 பதிவாகவில்லை, அதிலிருந்து சிதறல் 3.8 மீட்டர் என்று வருகிறது, 3 மீட்டருக்குள் கடக்கும் வாய்ப்பு 27 சதவீதம். ஐந்தாம் தொடரில் துப்பாக்கி ஒதுங்கியதா, இலக்கு திரும்பியதா, ஒலிவாங்கி தளர்ந்ததா என்பதைத் தூரம் மட்டும் தரும் கருவியால் சொல்ல முடியாது. நான்கு ஒலிவாங்கிகளை இடைவெளிவிட்டுப் பொருத்தி அலை வந்துசேரும் நேர வேறுபாட்டைப் பதிந்திருந்தால் திசையும் கிடைத்திருக்கும், காரணமும் அன்றே தெரிந்திருக்கும். உங்கள் அறிக்கையில் அந்த ஒன்பது குண்டுகளைத் தனி வரியாக எழுதுங்கள்.