பீக்ஸ்மார்ட் (மின் தேவை உச்சத்தில் இருக்கும்போது மின் நிறுவனம் சிக்னல் அனுப்பி வீட்டு ஏசியைக் குறைக்கும் குயின்ஸ்லாந்துத் திட்டம்) ஓடும் நேரத்தில் உங்கள் ஏசி என்ன செய்தது?

இப்ஸ்விச்வாசி:
14 கிலோவாட் டக்டட் (குழாய் வழியாக அறைகளுக்குக் காற்று அனுப்பும் ஏசி), இன்வெர்ட்டர், அதாவது கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை. வெளியே 37 டிகிரி. மாலை 5:10க்கு அவுட்டோர் யூனிட் இரைச்சல் சட்டென்று அடங்கிவிட்டது. உள்ளே ஃபேன் ஓடுகிறது, கன்ட்ரோலரில் அதே 23, எரர் கோட் எதுவும் இல்லை. அவுட்டோர் லைனில் கிளாம்ப் மீட்டர் (கம்பியைச் சுற்றிப் பிடித்துக் கரன்ட் அளப்பது) போட்டால், 17 ஆம்பியர் இருந்த இடத்தில் 0.4. ஏழு மணிக்குத் தானாகக் கிளம்பியது. பீக்ஸ்மார்ட் பாதியாகத்தானே குறைக்கும்? இது பாதி இல்லை, பூஜ்யம்.

கம்ப்ரசர்காரன்:
அநேகமாகக் கம்பி இடம் மாறியிருக்கிறது. ஏசியில் வெளிக் கட்டளையை வாங்கும் டிரெட் டெர்மினலில் பொதுக் கம்பியோடு டி1 சேர்ந்தால் கம்ப்ரசர் நிற்கும், டி2 சேர்ந்தால் 50 சதவீத உச்சவரம்பு, டி3 என்றால் 75. வோல்டேஜ் எதுவும் அனுப்புவதில்லை, வெறும் தொடர்பு மூடுவதுதான். மின் நிறுவனத்தின் சிக்னலை வாங்கும் ரிசீவரைக் கழற்றிவிட்டு, ஏசி முழு வேகத்தில் ஓடும்போது பொதுக் கம்பியையும் டி2வையும் இணைத்துப் பாருங்கள். சில நிமிடத்தில் 8, 9 ஆம்பியருக்கு இறங்கினால் ஏசி பக்கம் குற்றமில்லை. மூடியைத் திறந்தால் பக்கத்திலேயே 240 வோல்ட், லைசென்ஸ் உள்ளவர் கையால்தான் செய்ய வேண்டும்.

லோகன்பக்கம்:
எதற்கெடுத்தாலும் வயரிங் என்றால் எப்படி? இப்படி ஏசியைக் குறைப்பதற்கான ஆஸ்திரேலியத் தரமான 4755 கணக்குப் பார்ப்பது அரைமணி நேர மொத்தத்தை. வேகத்தைக் குறைக்கத் தெரியாத பழைய யூனிட் 15 நிமிடம் ஓடி 15 நிமிடம் நின்றாலும் அது பாதிதான்.

கம்ப்ரசர்காரன்:
நியாயம்தான், ஆனால் அது சாதா கம்ப்ரசருக்கு. இது இன்வெர்ட்டர் என்று முதல் வரியிலேயே இருக்கிறது. அதுவும் ஏழு மணி வரை ஒருமுறைகூடக் கிளம்பவில்லை.

கேப்பலாபா_கூரை:
இங்கே வேறு கதை. கூரை சோலார் 2 கிலோவாட் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது, பேட்டரி 80 சதவீதம். அப்போதும் ஏசி இறங்கிவிட்டது! சிக்னல் மின்கம்பி வழியாகவே வருகிறது, ரிசீவர் அதைக் கேட்டதும் தொடர்பை மூடும். கரன்ட் கூரையிலிருந்து வருகிறதா, தெருவிலிருந்து வருகிறதா என்று அது பார்ப்பதே இல்லை. சோலார் உள்ளவர்கள் கேஷ்பேக் என்றதும் கையெழுத்துப் போடும் முன் இதை யோசிக்கணும்.

வெப்பக்கணக்கு:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 50 சதவீதம் என்பது யூனிட்டின் முழுத் திறனில் பாதி, அந்த நேரத்தில் ஓடுகிற வேகத்தில் பாதி இல்லை. ஏற்கெனவே 40 சதவீதத்தில் ஓடும் பெரிய யூனிட்டுக்கு ஒன்றுமே தெரியாது. சின்ன யூனிட்டைப் பெரிய ஹாலில் மாட்டி, 38 டிகிரியில் முழு மூச்சாக ஓட விடுபவர்கள்தான் வேர்த்து வழிவார்கள். அதனால் வேலையை மத்தியானமே முடித்துவிடுங்கள். 2 மணியிலிருந்து 4 வரை, சோலார் பொங்கும்போது, 21 அல்லது 22ல் ஓட்டுங்கள். மேற்கு ஜன்னல் திரையை வெயில் விழும் முன்பே இழுத்துவிடணும், கண்ணாடி சூடான பிறகு இழுத்துப் பயனில்லை. செங்கல் சுவர், கான்கிரீட் தளம் என்றால் குளிர்ச்சி தங்கும்; மரச்சட்ட வீடு ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும். 5 மணிக்கு 25க்கு ஏற்றி, சீலிங் ஃபேன் போடுங்கள். ஏசியை அணைத்து அணைத்துப் போடாதீர்கள், கம்ப்ரசர் மறுபடி கிளம்பச் சுமார் 3 நிமிடம் எடுத்துக்கொள்ளும். ஃபில்டரையும் ஒருமுறை கழுவுங்கள், அடைத்த ஃபில்டரோடு பாதித் திறன் என்றால் வெறும் காற்றுதான். இன்னொன்று: இது 49.85க்கும் 50.15 ஹெர்ட்ஸுக்கும் இடையே மின்கட்டத்தின் அதிர்வெண்ணை நொடிக்கு நொடி பிடித்து வைக்கிற வேலை இல்லை. அதற்குப் பெரிய பேட்டரிகள் இருக்கின்றன. இது மாலை உச்சத்தைத் தட்டிக் குறைக்க. 2024 ஜனவரி 22ல் குயின்ஸ்லாந்து மின் தேவை 11,000 மெகாவாட்டைத் தாண்டியதே, அந்த மாதிரி நாளுக்கு. விடுவிக்கும்போது எல்லா வீட்டையும் ஒரே நொடியில் விட்டாலும் ஆபத்து; சூடேறிய வீடுகள் ஒன்றாக முழு வேகம் பிடித்தால் புது உச்சம் வந்துவிடும்.

லோகன்பக்கம்:
ஃபில்டர் கழுவ பீக்ஸ்மார்ட் எதற்கு ஐயா?

இப்ஸ்விச்வாசி:
எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். ஏசி பக்கம் டி2 இணைத்ததும் 17லிருந்து 8.6 ஆம்பியர், சுத்தமாக இருந்தது. ரிசீவர் பக்கம்தான் டி1ம் டி2ம் மாறிக் கிடந்தன, இரண்டும் ஒரே வெள்ளை நிறக் கம்பி, அடையாள டேப் இல்லை. மாற்றியாயிற்று, டேப்பும் சுற்றியாயிற்று. அடுத்த சிக்னல் வரும்போது கிளாம்ப் மீட்டர் அளவைப் போடுகிறேன்.