பழைய ஜீப்புக்கு நாலு இடத்துலயும் 140 கியர் ஆயில் ஊத்தலாமா?

சூரியநெல்லி ஓட்டி:
மஹிந்திரா 540 ஜீப். டானா 18 டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸிலுக்கு இழுவையைப் பிரிக்கிற பெட்டி), பின்னாடி டானா 44 ஆக்ஸில். ஓட்டம் சூரியநெல்லி – கொழுக்குமலை, இடையிடையே போடிமெட்டு இறங்கி ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்துறது. காலைக் குளிர்ல செகண்ட் கியர் கடிக்குது, சூடானா சரியாயிடுது. கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர், முன்னும் பின்னும் ரெண்டு கிரவுன் (ஆக்ஸில் நடுவுல இருக்கிற பல்லு ஹவுசிங்), நாலுலயும் ஆயில் மாத்தணும். 85டபிள்யூ-140 (கெட்டித்தன்மை எண்) ஜிஎல்-5 (சேர்மானத் தரம்) ஒரே கேன் வாங்கி எல்லாத்துலயும் ஊத்துன்னு ஒரு யோசனை வந்திருக்கு. செய்யலாமா?

கம்பம்மெட்டு 140:
தாராளமா. வண்டி நெறைய ஆள் வச்சு லோ கியர்ல ஊர்ந்து ஏறுது. அந்த வேகத்துல காத்து பட்டு ஹவுசிங் ஆற வழியே இல்ல. ஆயில் சூடாகி நீர்த்தா பல்லுக்கு நடுவுல படலம் நிக்காது. 100 டிகிரியில 90 ஆயிலுக்குக் கெட்டித்தன்மை குறைஞ்சபட்சம் 13.5 சென்டிஸ்டோக்ஸ், 140-க்கு 24. தேஞ்ச வண்டியில இரைச்சல் அடங்கும், சீல்ல கசிவும் குறையும். இன்னொண்ணு, பட்டறையில ரெண்டு கேன் இருந்தா மாத்தி ஊத்துவாங்க. ஒரே கேன்னா அந்தத் தப்பே நடக்காது.

டானா44:
அண்ணே, கிரவுனுக்கு நீங்க சொல்றதை ஒத்துக்கிறேன். கியர்பாக்ஸுக்கு ஒத்துக்க மாட்டேன்.

கிரவுன்-பினியன் ஹைபாய்டு வகைப் பல்லு. பல்லு உருள்றதோட நீளவாக்குல வழுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்துக்கு ஜிஎல்-5-ல இருக்கிற கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் கண்டிப்பா வேணும். ஜிஎல்-4-ல அது ஏறக்குறைய பாதிதான், கிரவுனுக்குப் பத்தாது. கியர்பாக்ஸ் கதை வேற. கியர் விழுறதுக்கு முன்னாடி வேகத்தைச் சேத்து வைக்கிற சிங்க்ரோ வளையம் பித்தளை. உள்பக்கம் நுண்ணிய வரிப்பள்ளம் இருக்கும். அது கியர் கூம்பைப் பிடிக்கணும்னா நடுவுல இருக்கிற ஆயில் படலத்தை அறுத்து வெளிய தள்ளணும். குளிர்ல கெட்டியா நிக்கிற 140-ஐ அதால அறுக்க முடியாது. பிடி விழலைன்னா வேகம் சேராது, பல்லு பல்லோட மோதும். காலையில கடிக்கிற பெட்டியில போய் 140 ஊத்துறது எரியுற அடுப்புக்கு விறகு வைக்கிற மாதிரி.

கம்பம்மெட்டு 140:
ஜிஎல்-5-ல இருக்கிற கந்தகம் பித்தளையை அரிக்கும்னு சொல்வாங்களே, அது பழைய பாட்டு தம்பி. இப்ப வர்ற ஜிஎல்-5 செம்புப் பட்டைச் சோதனையில தேறித்தான் கடைக்கு வருது. கந்தகத்தைக் கட்டிப் போட்டுட்டாங்க.

டானா44:
தேறுது, மறுக்கல. அந்தச் சோதனையில பட்டையைச் சூடான ஆயில்ல போட்டு நிறம் மாறுதான்னு பாப்பாங்க. அரிக்குதா இல்லையான்னு மட்டும்தான் அது சொல்லும். வளையம் கூம்பைப் பிடிக்குமான்னு சொல்லாது. நான் பேசுறது பிடி பத்தி.

டானா 18-ஐயும் சேர்த்துப் பாருங்க. அதுல ஹைபாய்டு பல்லே கிடையாது. நடுக் கியரோட ரெண்டு பக்கமும் வெண்கல வாஷர். ஜிஎல்-5-ஆல அங்க லாபம் எதுவும் இல்ல.

கேன் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. "ஜிஎல்-4/ஜிஎல்-5"-னு ரெண்டும் சேத்துப் போட்டிருந்தா அதை ஜிஎல்-5-னே எடுத்துக்கணும், சேர்மானம் அந்த அளவுக்குத்தான் இருக்கும். எம்டி-1-னு போட்டிருக்கிறது சிங்க்ரோ இல்லாத லாரிப் பெட்டிக்கு. அதுவும் வேண்டாம்.

சூரியநெல்லி ஓட்டி:
அப்ப கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4-தானா? அதுல 75டபிள்யூ-90-தான் வேணுமா? இந்தக் குளிருக்கு 80டபிள்யூ போதாதா?

டானா44:
தாராளமா போதும். டபிள்யூ எண் கடுங்குளிருக்கான கணக்கு. 75டபிள்யூ மைனஸ் 40 டிகிரிக்கு, 80டபிள்யூ மைனஸ் 26-க்கு, 85டபிள்யூ மைனஸ் 12-க்கு. நம்ம மலைக்கு மூணுமே தாங்கும். 75டபிள்யூ காலையில கொஞ்சம் லேசா விழும், விலை கூட. 80டபிள்யூ-90 ஜிஎல்-4 கிடைச்சா அதையே ஊத்துங்க.

கம்பம்மெட்டு 140:
லேசான ஆயிலை ஊத்தினா பழைய சீல் வழியா ஒழுகும், பாத்துக்கோ. அப்புறம் தினமும் தரையைத் துடைச்சுக்கிட்டு இருக்கணும்.

ஏலக்காட்டு ஆசான்:
ரெண்டு பேரும் கிரேடுலயே நிக்கிறீங்க. இந்த ஊர் வண்டிங்க சீரழியுறது பெரும்பாலும் பிரீதர்லயும் ஆயில் மட்டத்துலயும்.

ஹவுசிங் மேல சின்னதா மூச்சுக்குழாய் மூடி ஒண்ணு இருக்கும், அதான் பிரீதர். சேறு அடைச்சா ஏத்தத்துல உள்ள அழுத்தம் கூடி ஆயிலை ஆக்ஸில் சீல் வழியா பிரேக் டிரம்முக்குள்ள தள்ளும். இறக்கத்துல பிரேக் பிடிக்காது. சூடா இருக்கிற ஹவுசிங் ஓடைத் தண்ணியில இறங்கினா நேர்மாறு: உள்ள காத்து சுருங்கும், சீல் வழியா தண்ணியை உறிஞ்சும். ஆயில் பால் கலந்த டீ மாதிரி வந்தா காரணம் இதுதான். கிரேடு என்னவா இருந்தாலும் தண்ணி கலந்தா பினியன் பேரிங் போயிடும். பிரீதரைக் கழட்டிக் கழுவி, ரப்பர் குழாய் மாட்டி சேசிஸ் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுங்க. குழாய் நடுவுல தொங்கக் கூடாது, தொங்கின இடத்துல தண்ணி நிக்கும்.

தண்ணி இருக்கான்னு பாக்க ராத்திரி வண்டி நின்னு ஆறின பிறகு, காலையில நகர்த்துறதுக்கு முன்னாடி வடிகால் பிளக்கை ரெண்டு சுத்து மட்டும் தளர்த்துங்க. கனமான தண்ணிதான் முதல்ல சொட்டும்.

கசிவை 140 அடக்கும்ங்கிறதும் தப்புக் கணக்கு. அது கசிவை மறைக்கும், சீல் கெட்டது கெட்டதுதான். ஹேண்ட்பிரேக் டிரம் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னாடி இருக்கிற வண்டியில அந்த சீல் ஒழுகினா பிரேக் ஷூ ஊறிடும். கொண்டை ஊசி வளைவுல நிறுத்திட்டு இறங்கும்போது தெரியும் சேதி.

சூரியநெல்லி ஓட்டி:
சரி, மாத்துற முறை சொல்லுங்க ஆசானே. அளவு எவ்வளவு?

ஏலக்காட்டு ஆசான்:
கால் மணி ஓட்டி ஆயிலைச் சூடாக்கு. சமதரையில நிறுத்து, சக்கரத்துக்குக் கட்டை வை. நிரப்புற பிளக்கை முதல்ல கழட்டு. வடிச்சு முடிச்சப்புறம் மேல் பிளக் கழறலைன்னா வண்டி அங்கேயே நிக்கும். தலை தேஞ்ச பிளக்குன்னா துரு இளக்குற ஆயில் தெளிச்சு ஒரு ராத்திரி ஊற விடு, சுத்தியலால தலையில ரெண்டு தட்டு.

பழைய டி-90 வகைக் கியர்பெட்டியும் டானா 18-ம் சேந்து இருந்தா ரெண்டுக்கும் நடுவுல ஆயில் போற வழி உண்டு. ரெண்டு வடிகாலையும் திறந்து வடி, ரெண்டையும் நிரப்பு, அரை மணி விட்டு மறுபடி மட்டம் பாரு. மூணு லிட்டர் கைவசம் இருக்கட்டும். கிரவுன் ஒண்ணுக்கு ஏறக்குறைய ஒண்ணேகால் லிட்டர். அளவு லிட்டர்ல இல்ல, துளை விளிம்புல இருக்கு: சுண்டுவிரலை உள்ள விட்டா ஆயில் விளிம்போட நிக்கணும். கூடினா மேல சொன்ன டிரம் கதைதான்.

டானா 44-ல வடிகால் பிளக் இல்லைன்னா பின்மூடியோட 10 போல்ட்டையும் தளர்த்து. மேல ரெண்டை முழுசா எடுக்காம விட்டுட்டு அடியில நெம்பு, மூடி முகத்துல விழாது. பல்லைப் பாக்க அதுதான் நல்ல வாய்ப்பு. காந்தத்துல சாம்பல் நிறப் பசை ஒட்டினா சாதாரணத் தேய்மானம். விரல்ல குத்துற துண்டு வந்தா பல்லோ பேரிங்கோ உடையுது. கியர்பாக்ஸ் ஆயில்ல தங்கப்பொடி மாதிரி மினுக்கினா சிங்க்ரோ வளையம் கரையுது.

மண்ணெண்ணெய் விட்டு அலசுறதை விட்டுடு. மூலையில தங்கிப் புது ஆயிலை நீர்க்க வைக்கும்.

டானா44:
ஆயில் வாங்குறதுக்கு முன்னாடி கிளட்ச்சையும் பாத்துருங்க. எஞ்சின் ஐடில்ல கிளட்ச்சை முழுசா மிதிச்சு நாலஞ்சு வினாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்க. ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது, கிளட்ச் முழுசா விட்டாத்தான் சத்தமில்லாம விழும். கரகரத்தா கிளட்ச் முழுசா விடாம இழுக்குது, ஃப்ரீ பிளே (பெடலோட சும்மா அசைவு) சரி பண்ணுங்க. அந்தக் கோளாறுக்கு எந்த ஆயிலும் மருந்தாகாது. ரிவர்ஸ் சுத்தமா விழுந்து, வண்டி சூடான பிறகும் செகண்ட் கடிச்சா வளையம் தேஞ்சு போச்சு, பெட்டியைப் பிரிக்கணும். உங்களுது குளிர்ல மட்டும்னா பெரும்பாலும் உள்ள இருக்கிற பழைய ஆயில்தான். ஏற்கனவே அதுல 140-தான் இருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம்.

கம்பம்மெட்டு 140:
கியர்பாக்ஸை விட்டுக்கொடுக்கிறேன். பின் கிரவுனை விட மாட்டேன். முழு பாரத்தோட போடி வெயில்ல இருந்து மேல ஏறுற வண்டிக்குப் பின்னாடி 85டபிள்யூ-140 ஜிஎல்-5-தான்.

டானா44:
ஊத்துங்க, கெடுதல் இல்ல. டீசல் கொஞ்சம் கூடக் குடிக்கும். முன் கிரவுனுக்கு 80டபிள்யூ-90 ஜிஎல்-5 போதும், 4×4 போடாத நேரம் அது சும்மாதான் சுத்துது. லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுத்துறதைக் கட்டுப்படுத்துற அமைப்பு) உள்ள ஆக்ஸில்னா அதுக்கான ஆயில் தனி.

ஏலக்காட்டு ஆசான்:
கேன் குழம்பும்னு பயந்தா பிளக் பக்கத்துல பெயின்ட்ல எழுதி வை: பெட்டிக்கு 4, கிரவுனுக்கு 5. வடிச்ச ஆயிலை ஓடைப் பக்கம் கொட்டாதே, கீழ ஏலக்காட்டுக்காரன் அந்தத் தண்ணியைத்தான் பாய்ச்சுறான். வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு இருக்கும்போதே யுஜே கிராஸுக்கு (புரொப்பெல்லர் ஷாஃப்ட் மூட்டு) கிரீஸ் அடிச்சிடு, நாலு கப்புலயும் புது கிரீஸ் எட்டிப் பாக்கிற வரைக்கும்.

சூரியநெல்லி ஓட்டி:
ரிவர்ஸ் சத்தமில்லாம விழுது. பெட்டிக்கும் டிரான்ஸ்ஃபருக்கும் 80டபிள்யூ-90 ஜிஎல்-4 மூணு லிட்டர், கிரவுனுக்கு ஜிஎல்-5. பின்னாடி 90-ஆ 140-ஆன்னு பல்லைப் பாத்துட்டு முடிவு பண்றேன்.

கம்பம்மெட்டு 140:
140.