சாரமா, சட்டகமா, பந்தலா? எலும்புக்குள்ள வைக்கிற ஸ்காஃபோல்டுக்கு ஒரு சொல்

அக்கா, வணக்கம். எலும்பு உடஞ்ச எடத்துல புது எலும்பு வளர்றதுக்குத் தாங்கலா உள்ள வைக்கிற, பிரிண்டர்ல அச்சடிச்ச ஸ்காஃபோல்டு பத்தின உங்க கட்டுரைக்கு "மூலிகைச் சாரம் ஏற்றிய அச்சுச் சாரம்"னு நீங்க போட்ட தலைப்ப ரெண்டு மூணு தடவ வாசிச்சேன். ரெண்டு சாரமும் ஒன்னோட ஒன்னு முட்டுது. முதல் சாரம் மூலிகையோட சத்து, ரெண்டாவது கொத்தனார் சவுக்குக் கம்பு வச்சு கட்டுற சாரம். தனித்தனியா ரெண்டும் நல்ல தமிழ்தான், ஆனா ஒரே வரில வந்தா படிக்கிற பிள்ளைங்க சாறத்தான் பிரிண்டர்ல ஊத்தி அச்சடிக்கிறாங்கன்னு நெனச்சிரும்.

பேரு வைக்கிறதுக்கு முன்னாடி பொருள ஒரு தடவ கிட்ட வச்சு பாத்துருவோம். வீட்ல முறுக்கு பிழியுற மாதிரியேதான், ஊசி முனை வழியா பசைய மெல்லிசு இழையா பிழிஞ்சு ஒரு வரிசை நேரா போடுறாங்க, அதுக்கு மேல அடுத்த வரிசை குறுக்க, அதுக்கு மேல திரும்ப நேரா, இப்படியே அடுக்கிட்டே போக போக நடுவுல சின்னச் சின்ன சதுரச் சந்து விழுது, ஒவ்வொன்னும் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் கம்மி. எலும்பு செல்லு இழையப் பிடிச்சு ஏறும், ரத்தக்குழாய் அந்தச் சந்து வழியா உள்ள நுழையும், எலும்பு வளர வளர இழை கொஞ்சங் கொஞ்சமா கரைஞ்சு எடத்த விட்டுக் குடுக்கணும். இந்தக் கடைசி விஷயந்தான் முக்கியம், பேருல அது தெரியணும்னு நான் நெனக்கிறேன்.

'சட்டகம்' வேணாம். அகச்சட்டகம், புறச்சட்டகம்னு ஸ்கூல் பாடத்துலயே இருக்கு, அதனால 'எலும்புச் சட்டகம்'னா முழு எலும்புக்கூடுதான் ஞாபகம் வரும். 'கூடு'க்கும் அதே கதி. 'சாரக்கட்டு' எனக்கு ரொம்ப நாளா பிடிச்ச சொல்லு, வேலை முடிஞ்சதும் பிரிச்சிருவாங்கங்கிற அர்த்தம் அதுலயே கெடக்கு. ஆனா எங்க அப்பத்தாகிட்ட "எலும்புக்கு சாரக்கட்டு வைக்கிறாங்க"ன்னு சொன்னப்ப, "மூங்கில் பத்தை வச்சு கட்டுவாங்களே, அதானப்பா?"ன்னு கேட்டுச்சு. அது கேட்டதுல தப்பே இல்ல. எலும்பு, கட்டு ரெண்டும் சேந்து வந்தாலே நம்ம ஆளுங்க மனசுல புத்தூர் கட்டுதான் வரும், அது தோலுக்கு வெளிய போடுறது. நம்ம பொருளு உடஞ்ச எடத்துக்கு உள்ளயே உக்காருது. வெளிய உள்ளங்கிற இந்த ஒரு வித்தியாசம் கொழம்பிச்சுன்னா நோயாளிக்கு தப்பாத்தான் போயிச் சேரும்.

கொழுகொம்பும் யோசிச்சேன், கொடி பத்திக்கிட்டு ஏறுறதுன்னு நெனைக்க அழகா இருக்கு, ஆனா அது ஒத்தக் கம்பு, சந்தும் அடுக்கும் அதுல வராது.

அப்பதான் கொல்லைல அவரைப் பந்தலப் பாத்தேன். நேரா நாலு கம்பு, குறுக்க நாலு கம்பு, நடுவுல கண்ணு கண்ணா சந்து, கொடி ஒரு கண்ணு வழியா தலைய நீட்டி அடுத்த கம்பப் பிடிக்குது, பருவம் முடியுறப்ப கம்பு உளுத்து தானா சாயுது. நம்ம பொருளு அப்படியே இதுதான். ஒரு தட்டுக்கு பதிலா பல தட்டு, அதனால என் முன்மொழிவு 'அடுக்குப்பந்தல்'. பந்தல் இழை, பந்தல் கண், பந்தல் கரைதல்னு கூடப் பொறந்த சொல்லெல்லாம் தன்னால கெடைக்குது, புதுசா எதையும் தேடிட்டு ஓட வேணாம்.

அடுத்து மருந்து. 'மூலிகைச் சாரம்'னு பொதுவா போடாதீங்கக்கா, எல்லா ஆய்வுலயும் முழுச் சாறு போறது இல்ல. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்துக்காரங்க 2013 வாக்குல செஞ்ச வேலைல வச்சது இகாரிட்டின், எபிமீடியம் செடி வழியா கெடைக்கிற ஒத்த மூலக்கூறு. சீன மருத்துவத்துல அந்தச் செடிய யின்யாங்ஹுவோன்னு சொல்லி எலும்புக்கு ரொம்ப காலமா குடுக்குறாங்க. அமெரிக்காவுல வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துல சுஸ்மிதா போஸ் குழு 2019ல வச்சது நம்ம மஞ்சள்ல உள்ள குர்குமின், அத லிப்போசோம்ங்கிற கொழுப்புக் குமிழிக்குள்ள அடச்சு வச்சாங்க, ஏன்னா வாயால சாப்பிட்டா குர்குமின் ஒடம்புல சரியா ஒட்டுறதே இல்ல. இதுக்கெல்லாம் 'மூலிகைச் சேர்மம்'தான் சரி. பிரண்டைய முழுசா வடிச்சு சேக்குறப்ப மட்டும் 'சத்து'ன்னு வச்சுக்கலாம். பிழிவுன்னு போட்டா பசைய பிழியுறதோட மறுபடி முட்டும். இன்னொன்னு, பிரண்டைச் சத்த பாலிமரோட (பிளாஸ்டிக் மாதிரி நீள மூலக்கூறுப் பொருள்) கலந்து நார் இழுத்த ஆய்வு நீங்க அனுப்புனதுல இருக்கே, அத அச்சுன்னு எழுதிறாதீங்க, அது மின்நூற்பு, அதாவது மின்சார விசையால மெல்லிசு நாரா இழுக்குற முறை.

'ஏற்றிய'ங்கிறதும் எல்லா எடத்துக்கும் பொருந்தாது. எலும்புத் தாது மாதிரியான கால்சியம் பாஸ்பேட்டுல செஞ்ச பந்தல ஆயிரம் டிகிரிக்கு மேல சூளைல சுடுவாங்க, அந்தச் சூட்டுல எந்த மூலிகைச் சேர்மமும் மிஞ்சாது, அதனால சுட்டு ஆறுனதுக்கு அப்புறந்தான் மருந்த மேல ஏத்துறாங்க. ஹாங்காங் வேலைல கதையே வேற, பாலிமர் கரைசல்ல கால்சியம் பாஸ்பேட் பொடியோட இகாரிட்டினையும் முதல்லயே போட்டு குளிர்ல உறைய வச்சு அச்சடிச்சாங்க, மருந்து இழைக்கு உள்ளயே இருக்கு. முன்னத 'மருந்தேற்றிய பந்தல்', பின்னத 'மருந்து கலந்த பந்தல்'னு பிரிச்சு எழுதலாம். மேல ஏத்துனது முதல் ரெண்டு நாள்லயே மொத்தமா கொட்டிடுற பயம் இருக்கு, உள்ள கலந்தது இழை கரைய கரைய மெதுவா கசியும். படிக்கிறவருக்கு அந்த வித்தியாசம் பேருலயே தெரிஞ்சா எவ்வளவு நல்லது. முன்னதுக்கு 'கொட்டல்', பின்னதுக்கு 'கசிவு'ன்னு என் குறிப்பேட்டுல எழுதி வச்சிருக்கேன்.

ஆக உங்க தலைப்பு என் கணக்குல "மூலிகைச் சேர்மம் கொண்ட எலும்பு அடுக்குப்பந்தல்". கொஞ்சம் நீளந்தான், கட்டுரைக்குள்ள ரெண்டாவது தடவையிலருந்து வெறும் 'பந்தல்'னு வந்தா போதும். ஒரு எடத்துல மட்டும் எனக்கு மனசு ஒப்பல, இழையில தானா அமையுற நுண்துளைக்கும் நாம விடுற சந்துக்கும் ரெண்டுக்குமே நீங்க 'துளை'ன்னு போட்டிருக்கீங்க. நான் சந்த 'கண்'ணுன்னும் மத்தத 'நுண்துளை'ன்னும் மாத்திட்டு வர்றேன், சரிதானான்னு உங்க எலும்பு டாக்டர் தம்பிகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்லுங்க.