மறுமொழி: ‘போதை அடிமை’க்கு மாற்றாகப் ‘பழக்க நோய்’ – பயிற்சிக் கையேட்டுக்கான கலைச்சொல்

மதிப்பிற்குரிய குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மது, புகையிலை, கஞ்சா போன்றவற்றை விட முடியாமல் போகும் நோயைக் குறிக்கும் ‘சப்ஸ்டன்ஸ் யூஸ் டிஸ்ஆர்டர்’ என்ற மருத்துவச் சொல்லுக்கு, நம் பயிற்சிக் கையேட்டில் வைக்க நல்ல தமிழ் வேண்டும் என்று சென்ற மாதம் நான் எழுதிய மடலுக்கு நீங்கள் அனுப்பிய பரிந்துரைகள் அனைத்தையும் அச்செடுத்து, கோத்தகிரியில் நடந்த இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். வந்திருந்தவர்கள் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்கும் பெண்கள், இரண்டு இளம் மருத்துவர்கள். நாம் உருவாக்கும் சொல்லை நாள்தோறும் புழங்கப் போகிறவர்கள் அவர்கள்தான் என்பதால், ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லச் செய்து, சொன்னதும் அவர்களுக்கு என்ன தோன்றுகிறது என்று குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்புகளோடு என் முடிவையும் கீழே எழுதுகிறேன். மடல் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

‘போதை அடிமை என்றாலே எல்லாருக்கும் புரிகிறதே, அதை ஏன் மாற்ற வேண்டும்’ என்று கேட்டிருந்த ஐயாவுக்கு முதலில் விடை சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், இந்த மலையில் நான் செவிலியராக வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் கால் எலும்பு முறிந்து சேர்க்கப்பட்டார். சேர்க்கும்போது குடிப்பழக்கம் உண்டா என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. பெண் என்பதால் கேட்கத் தோன்றவில்லை. மறுநாள் கை நடுங்கியது. டிசம்பர் குளிரில் சட்டை நனைய வியர்த்தது. மூன்றாம் நாள் இரவு அவர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, போர்வையின் மேல் குனிந்து, விரல் நுனிகளால் இல்லாத கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளி, தோளுக்குப் பின்னால் இல்லாத கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். கணவரை வரவழைத்துக் கேட்ட பிறகுதான், நெடுங்காலமாக நாள் தவறாமல் குடித்து வந்தவர், கால் முறிந்ததால் திடீரென்று நிறுத்தியிருக்கிறார் என்பது தெரிந்தது. அப்போதாவது சிகிச்சை தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் நோய்க்குறிப்பேட்டில் ‘குடி அடிமை’ என்ற இரண்டு சொற்கள் ஏறியதும் அந்த அறையில் எல்லாருடைய முகமும் மாறிவிட்டது. அவர் கையைக் கட்டுத் துணியால் கட்டிலோடு கட்டினோம்; கட்டியவர்களில் நானும் ஒருத்தி. அவருக்குத் தேவைப்பட்ட, நடுக்கத்தை அடக்கும் டயஸிபாம் ஊசியும், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் போட வேண்டிய தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் எங்கள் அலமாரியிலேயே இருந்தன. விடிந்ததும் வண்டி பிடித்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பினோம், பிழைத்துத் திரும்பினார். அவர் பிழைத்ததில் எங்களுக்குப் பங்கு இல்லை என்பதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

சொல் சிகிச்சையை மாற்றும் என்பது என் ஒருத்தியின் அனுபவம் மட்டுமல்ல. அமெரிக்காவில் கெல்லி, வெஸ்டர்ஹாஃப் ஆகிய இருவர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், மனநலத் துறையில் பயிற்சி பெற்ற 500க்கும் மேற்பட்டவர்களிடம் ஒரே நோயாளியைப் பற்றிய குறிப்பைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குக் கொடுத்த தாளில் அந்த நோயாளியைப் போதைப்பொருளைத் தவறாகப் பயன்படுத்துபவர் என்று எழுதியிருந்தார்கள். மற்றவர்களுக்குக் கொடுத்ததில் இந்த நோய் உள்ளவர் என்று எழுதியிருந்தார்கள். மற்ற வரிகளில் ஓர் எழுத்து மாற்றமும் இல்லை. முதல் தாளைப் படித்தவர்கள், இது அவர் தானே தேடிக்கொண்டது, தண்டித்தால்தான் திருந்துவார் என்ற எண்ணத்துக்கு அதிகமாகச் சாய்ந்தார்கள். படித்த, இதே துறையில் வேலை செய்கிறவர்களுக்கே இப்படியென்றால், இரவுப் பணியில் தனியாக நிற்கும் ஒரு செவிலியரிடம் ‘அடிமை’ என்ற சொல் என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். அடிமையை விடுவிக்கலாம், வெறுக்கலாம், பார்த்து இரக்கப்படலாம். அடிமைக்கு ஊசி போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

‘துஷ்பிரயோகம்’, ‘முறைகேடான பயன்பாடு’ ஆகிய இரண்டையும் அதே காரணத்தால் விட்டுவிடலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலான டி.எஸ்.எம்., 2013இல் வந்த தன் ஐந்தாம் பதிப்பில் ‘துஷ்பிரயோகம்’ என்ற அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது.

சொல்லுக்குச் சொல் நேராக வைத்த ‘பொருள் பயன்பாட்டுக் கோளாறு’ என்பதுதான் உங்களில் பலருடைய தேர்வாக இருந்தது. இணையத்திலும் அது ஓரளவு பரவியிருக்கிறது. ஆனால் வகுப்பில் அதைப் படித்ததும் ஒரு கிராம சுகாதாரச் செவிலியர் ‘எந்தப் பொருள் மேடம்?’ என்று கேட்டார். கேள்வி நியாயமானது. தமிழில் பொருள் என்றால் சரக்கு, செல்வம், அர்த்தம். முன்னால் ஒரு சொல் இல்லாமல் அது போதையைச் சுட்டுவதில்லை. ‘போதைப்பொருள்’ என்று நிரப்பினாலோ, நம் காதில் அது கஞ்சாவையும் ஹெராயினையும் சுட்டி, காவல் நிலையத்தை நினைவூட்டுகிறது. அரசுக் கடையில் வாங்கும் மதுவும், பெட்டிக்கடைப் புகையிலையும், மருந்துக்கடை வலி மாத்திரையும் வெளியே நின்றுவிடுகின்றன. இந்தியாவில் பெரிய சுமை மதுவால்தான் வருகிறது. 2019இல் நடுவண் அரசு வெளியிட்ட நாடளாவிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ளவர்களில் 14.6 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 16 கோடிப் பேர், மது அருந்துகிறார்கள். மதுவைச் சார்ந்தே வாழும் நிலை (மதுச் சார்பு) உள்ளவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்ததாகச் சொன்னார். மிச்சமுள்ள 37 பேரும் காய்ச்சலுக்கும் வயிற்று வலிக்கும் எலும்பு முறிவுக்கும் நம் கையேட்டைப் படிக்கப் போகிறவர்களிடம்தான் வருகிறார்கள். அவர்களை வெளியே நிறுத்தும் கலைச்சொல்லை நான் ஏற்க மாட்டேன்.

‘கோளாறு’ பற்றியும் ஒரு சொல். பம்ப்செட்டுக்குக் கோளாறு வரும், வண்டிக்கு வரும். மனிதருக்கு என்றால் ‘மூளைக் கோளாறு’ என்று வசையாகத்தான் கேட்டிருக்கிறோம். ‘நோய்’ என்ற சொல்லில் அந்த இளக்காரம் இல்லை. சர்க்கரை நோயாளி இனிப்புத் தின்றார் என்பதற்காக அவருக்கு இன்சுலின் மறுப்பதில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளை மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. ‘குஷ்டரோகி’ போய்த் ‘தொழுநோய்’ வந்ததையும், ‘ஊனமுற்றோர்’ போய் ‘மாற்றுத்திறனாளி’ வந்ததையும் நம் வாழ்நாளிலேயே பார்த்தோம். இதையும் மாற்ற முடியும்.

‘சார்பு’ என்ற சொல்லை முன்வைத்த அம்மாவுக்கு என் நன்றி. அது அழகான, புண்படுத்தாத சொல். ஆனால் அதை இந்த இடத்தில் செலவழித்துவிடக் கூடாது. புற்றுநோய் வலிக்கு மாதக்கணக்காக மார்ஃபின் எடுப்பவரின் உடல் அந்த மருந்தைச் சார்ந்துவிடும். திடீரென்று நிறுத்தினால் துன்பப்படுவார். ஆனால் அவருக்கு நாம் பேசும் நோய் இல்லை. இந்த வேறுபாடு தெரியாததால்தான், வலியில் துடிக்கும் நோயாளிக்கு மார்ஃபின் கொடுக்க மருத்துவர்கள் இன்னும் தயங்குகிறார்கள். தவிர, உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி.யின், 2022இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பு ‘சார்பு’ நிலையைத் தனியாகவே வைத்திருப்பதால், நமக்கு அந்தச் சொல் அங்கே தேவைப்படும். மதுச்சார்பு, அபினிச்சார்பு, உடற்சார்பு ஆகியவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இலங்கை நண்பர் எழுதிய, அங்கே பயன்பாடு என்று பொருள்படும் ‘பாவனை’யை நான் விரும்பினேன். 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் அங்கிருந்து வந்து நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களில் மூத்தவர்கள் ‘சாராயம் பாவிக்கிறவரா?’ என்று கேட்பதை நானே கேட்டிருக்கிறேன். ஆயினும் தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் பாவனை என்றால் நடிப்பு என்றே பொருள் கொள்வார்கள். நடிக்கிறார் என்ற ஐயம் ஏற்கெனவே இந்த நோயாளிகள் மேல் உண்டு. அதற்கு இன்னொரு வாசல் திறக்க வேண்டாம்.

‘மீளாப் பழக்கம்’ என்பதை வகுப்பில் இருந்த அனைவரும் மறுத்தார்கள். மீள முடியாதென்றால் சிகிச்சை எதற்கு?

அந்த மறுப்பைப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு விடை தென்பட்டது. நம் ஊர்ச் செவிலியர் எவரும், எந்தக் கையேடும் சொல்லித் தராமலேயே, நோயாளியிடம் கேட்கும் கேள்வி ‘பழக்கம் ஏதாவது உண்டா?’ என்பது. குடி, பீடி, வெற்றிலை, ஹான்ஸ், கஞ்சா எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும், கேட்கப்படுபவரும் கோபப்படுவதில்லை. எனவே நான் முன்மொழிவது ‘பழக்க நோய்’. பொதுவாகச் சொல்லும்போது ‘போதைப் பழக்க நோய்’; தனித்தனியாகச் சொல்லும்போது ‘மதுப் பழக்க நோய்’, ‘புகையிலைப் பழக்க நோய்’, ‘கஞ்சாப் பழக்க நோய்’, ‘மாத்திரைப் பழக்க நோய்’. ஆளைக் குறிக்க ‘பழக்க நோய் உள்ளவர்’. பழக்கத்துக்கும் பழக்க நோய்க்கும் இடையில் உள்ள தொலைவை இந்தச் சொல்லே காட்டிவிடுகிறது என்பதுதான் எனக்கு இதில் பிடித்தது. கேள்வி பழக்கத்தில் தொடங்குகிறது. நினைத்த அளவைத் தாண்டிக் குடிப்பது, விட நினைத்தும் முடியாமல் போவது, வேலையும் குடும்பமும் கெடுவது, நிறுத்தினால் நடுங்குவது முதலான 11 அடையாளங்களில், 12 மாத காலத்துக்குள் இரண்டு இருந்தாலே அது நோயாகிறது. இரண்டு அல்லது மூன்று இருந்தால் லேசானது, நான்கு அல்லது ஐந்து இருந்தால் நடுத்தரமானது, ஆறும் அதற்கு மேலும் இருந்தால் கடுமையானது. தெருவில் விழுந்து கிடப்பவருக்கு மட்டுமே நோய் என்ற எண்ணத்தை இது உடைக்கும்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியதை நானே சொல்லிவிடுகிறேன். ‘பழக்கம்தானே, மனசு வைத்தால் விட்டுவிடலாம்’ என்ற எளிமைப்படுத்தல் இந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வரும். அந்த ஐயம் எனக்கும் உண்டு. ஆனால் ‘நோய்’ என்பது இறுதியில் நின்று அதை எதிர்க்கிறது. ‘அடிமை’யில் அந்த எதிர்ப்புக்கே இடம் இல்லை. ஏற்கெனவே வழக்கில் வேரூன்றிய ‘குடிநோய்’ என்பதை மதுவுக்கு மட்டும் மாற்றுச் சொல்லாக வைத்துக்கொள்வதிலும் எனக்குத் தடை இல்லை.

கொடைக்கானலிலிருந்து எழுதிய மருத்துவர் ஐயா போதை தரும் காளான் பற்றிக் கேட்டிருந்தார். சுற்றுலா வந்த இளைஞர் காளான் தின்றுவிட்டுப் பயந்து நடுங்கி அவசரப் பிரிவுக்கு வருவது ‘போதையேற்ற நிலை’. அவருக்கு வேண்டியது அமைதியான அறையும், பக்கத்தில் ஒருவர் இருந்து தைரியம் சொல்வதும். அது பழக்க நோய் அன்று. இரண்டையும் கையேட்டில் வெவ்வேறு அதிகாரத்தில் வைத்திருக்கிறேன்.

இனி ‘வித்ட்ராயல்’, அதாவது பழகிய பொருளைத் திடீரென்று நிறுத்தியதும் உடலில் வரும் தொல்லைகள். நான் மேலே சொன்ன பெண்ணுக்கு வந்தது அதன் கடுமையான வடிவம். நான் பார்த்த ஒரு பழைய துண்டறிக்கையில் இதைத் ‘திரும்பப் பெறுதல்’ என்று எழுதியிருந்தார்கள். வகுப்பில் அதைப் படித்த செவிலியர், கொடுத்த மருந்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று புரிந்துகொண்டார். ‘விலகல் அறிகுறிகள்’ தவறில்லை, ஆனால் எதிலிருந்து எது விலகுகிறது என்பது தெளிவாக இல்லை. மலையில் நோயாளியின் வீட்டார் சொல்வது ‘குடியை நிப்பாட்டினதும் நடுக்கம் வந்திருச்சு’ என்பதே. காரணமும் விளைவும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கின்றன. ஆகவே ‘நிறுத்த நோய்க்குறிகள்’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். ‘நிறுத்தக் குறிகள்’ என்று சுருக்கினால் இலக்கணத்தின் நிறுத்தற்குறியோடு குழம்பும் என்பதால் ‘நோய்’ நடுவில் இருக்கட்டும். நிறுத்திய 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், இரண்டு நாள்களுக்குள் வலிப்பு, இரண்டு மூன்று நாள்களில் சித்தப் பிரமை என்று வரக்கூடிய வரிசையை இந்தத் தலைப்பின் கீழ் எழுதினால், ‘நிறுத்தி எத்தனை மணி நேரம் ஆயிற்று’ என்று கேட்கும் வழக்கம் தானாகவே வந்துவிடும்.

கடைசியாக ஓர் அளவுச் சொல்லுக்கு உங்கள் உதவி வேண்டும். மதுப் பழக்கத்தை அளக்கும், உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’ வினாத்தாளில் பத்துக் கேள்விகள். மொத்த மதிப்பெண் 8 வந்தாலே கவனிக்க வேண்டும். இரண்டாம் கேள்வி, குடிக்கும் நாளில் எத்தனை ‘டிரிங்க்’ என்பது. ‘எத்தனை பானங்கள்’ என்று மொழிபெயர்த்த தாளை வைத்துக் கேட்டபோது, தோட்டத் தொழிலாளி ஒருவர் ‘ஒன்றுதான்’ என்றார். அவருக்குச் சுழியம் மதிப்பெண் போடப்பட்டது. அவர் சொன்ன ஒன்று ஒரு குவார்ட்டர், 180 மில்லி. 42.8 விழுக்காடு சாராயச் சத்துள்ள நம் ஊர்ச் சரக்கில் 30 மில்லிக்கு ஏறத்தாழ 10 கிராம் வருகிறது; அதுதான் வினாத்தாள் சொல்லும் ஓர் அலகு. ஆகவே குவார்ட்டர் என்றால் ஆறு அலகு, கட்டிங் என்றால் மூன்று. கேள்வியையே ‘எத்தனை குவார்ட்டர், எத்தனை கட்டிங்’ என்று கேட்டு, பக்கத்தில் அலகாக மாற்றும் கட்டத்தை அச்சிடலாம் என்று நினைக்கிறேன். அலகுக்கு ‘மது அலகு’ போதுமா, அல்லது ‘பெக்’ என்று புழங்குவதையே ஏற்றுக்கொள்ளலாமா? கூடலூர்ப் பக்கம் பணியர், காட்டுநாயக்கர் பழங்குடி ஊர்களில் வேலை செய்யும் நண்பர்கள், அங்கே எந்தச் சொல் எடுபடும் என்று கேட்டுச் சொன்னால் பெரிதும் உதவும். வரும் வெள்ளிக்கிழமை படிவம் அச்சுக்குப் போகிறது. வியாழன் மாலைக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து