நரைச்ச உமிச் சாம்பல் எங்க எடுக்கலாம்?

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி. ஒலுவில் பொறியியல் பீடத்தில இறுதி வருசம் படிக்கிறன். சீமெந்தில 10, 15, 20 வீதத்தைக் குறைச்சு, அதுக்குப் பதிலா உமிச் சாம்பல் போட்டு கொங்கிறீட் கியூப் (பலம் சோதிக்கிற சதுரக் கட்டி) வார்க்கிறதுதான் எங்கட புரொஜெக்ட்.

போன மாதம் ஒரு மில்லில இருந்து ரெண்டு உரப்பை கொண்டுவந்தம். கையில எடுத்தா அடுப்புக்கரி மாதிரிக் கறுப்பு. பாதி உமி எரியவே இல்ல. கரி கூடினா தண்ணியெல்லாம் உறிஞ்சிடும், கலவை இறுகிப் போகும். சூடு 700, 800 பாகையைத் தாண்டினாலும் பிழைதான், சாம்பல்ல இருக்கிற சிலிக்கா பளிங்காகி, சீமெந்தில இருந்து வாற சுண்ணாம்போட சேராது. (உமி எரிக்கிறதில இவ்வளவு கதை இருக்கெண்டு உம்மாவுக்கே தெரியாது!)

சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் அளவா எரிஞ்சு நரைச்ச சாம்பல் வாற மில் ஆருக்கும் தெரியுமா? 25 கிலோ போதும். காசு தாறம், நாங்களே வந்து அள்ளுவம். கியூப் 28 நாள் தண்ணிக்குள்ள கிடக்க வேணும், அதால இந்தக் கிழமைக்குள்ள சொன்னா பெரிய உதவி.